கூடை மேல போட்ட துண்டு

உட்காருங்க தம்பி, அந்த நாற்காலி சும்மாதான் கெடக்கு. வீட்டம்மா உள்ள இருக்காங்களா? அப்ப நிதானமா உட்காருங்க. மளிகைப் பக்கம் போனவங்க லேசுல திரும்ப மாட்டாங்க. டிராலியை மட்டும் இப்படி ஓரமா இழுத்துக்குங்க. நட்டநடு வழியில நிறுத்தியிருக்கீங்க, நாலு பேரு போக வர வேணாமா? கோவிச்சுக்காதீங்க, பழக்கதோசம். இனிமே இந்தக் கடைக்குள்ள யாரையும் ஒரு வார்த்தை சொல்றதில்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். வாய் கேக்க மாட்டேங்குது.

எனக்கா? இந்த ஒரு கூடைதான். முக்கால் மணி நேரமா இதை வச்சுக்கிட்டு இங்கயே எந்திரிக்கிறதும் உட்கார்றதுமா இருக்கேன். உள்ள ஒரே ஒரு சாமான். அதுக்கு மேல எதுக்குய்யா துண்டு போட்டு மூடியிருக்கான்னு பாக்குறீங்க, தெரியுது. சொல்றேன். யார்கிட்டயாவது சொன்னாத்தான் எந்திரிச்சுப் போய் அந்த வரிசையில நிக்க முடியும் போலிருக்கு. என் மக என்கிட்டப் பேசிப் பதினெட்டு நாளாச்சு தம்பி. இன்னைக்குக் காலையிலதான் வாயைத் திறந்தா. இந்தச் சாமானை வாங்கிட்டு வரச் சொன்னா. இதைக்கூட வாங்காம வெறுங்கையோட போனா, அவ இனிமே என்னை அப்பான்னு கூப்பிடுவாளா?

என் பேரு செல்லப்பாண்டி. கண்டக்டரா இருந்தேன், ரிட்டயர் ஆகி ரெண்டு வருசமாச்சு. முப்பத்தோரு வருசம் தம்பி. ஒரு பஸ்ஸுல அம்பது பேரு உட்காரலாம். முகூர்த்த நாள்ல நான் நூறு பேரை ஏத்தி, ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிக்காம மதுரையில கொண்டுபோய் இறக்கியிருக்கேன். சண்டை சச்சரவு ஒண்ணு கெடையாது. 'செல்லப்பாண்டி வண்டியா, ஒழுங்கா வரும்'னு டிப்போவுல சொல்லுவாங்க. அப்படி இருந்தவன் வீட்டுல சும்மா உட்கார்ந்தா என்ன ஆவான்? என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் பத்து மணி ஆனாப் பையைக் கையில கொடுத்துருவா. 'கடைக்குப் போயிட்டு மெதுவா வாங்க'ம்பா. அந்த மெதுவாவுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?

சரின்னு இங்க வந்து பாத்தா, ஆத்தாடி, என்னா சனங்க! அந்த வெண்டைக்காய்த் தட்டைப் பாத்தீங்களா? ஒவ்வொண்ணா எடுத்து நுனியை ஒடிச்சு ஒடிச்சுப் பாக்குறது. ஒடிச்சதை அங்கயே போட்டுட்டு ஒடிக்காததைப் பொறுக்கிட்டுப் போறது. அப்ப ஒடிச்சதை எவன் திங்கிறது? பால் பாக்கெட்டை எடுப்பாங்க, நாலு எட்டு நடந்ததும் வேணாம்னு தோணும், அதைக் கொண்டுபோய் சோப்பு அடுக்குல சொருகிட்டுப் போயிருவாங்க. காஞ்ச திராட்சை பக்கம் போனா, எடை போடுறதுக்குள்ள கால்வாசி வாய்க்குள்ள போயிரும். நான் ரெண்டு நிலக்கடலையை வாயில போட்டுப் பாக்குறது வேற தம்பி. அது சொத்தையா இருக்கான்னு பாக்குறது.

எல்லாத்தையும்விட என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டது இந்தக் கூடை வைக்கிற சமாச்சாரம்தான். பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பாங்கல்ல, அதே கூட்டம்தான் இங்கயும். பில்லு போடுற வரிசையில கூடையை வச்சிட்டு, 'இதோ வந்துடுறேன்'னு ஊரு சுத்தப் போயிருவாங்க. என் வண்டியில அது நடக்காது. ஆளைக் காட்டு, சீட்டுல உட்காரு. ஆள் இல்லாத துண்டுக்கு இடம் கெடையாது. இங்கயும் அதையே பண்ணினேன். ஆள் இல்லாத கூடையைக் காலாலயே ஓரமாத் தள்ளிட்டு, 'முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க'ன்னு வரிசையை நகர்த்திவிட்டேன். 'ஒரே ஒரு சாமான்தாங்க'ன்னு நடுவுல நுழையிறவனைக் கையைப் பிடிச்சுப் பின்னாடி அனுப்பினேன். சனங்களும் கேட்டாங்க தம்பி! பெரியவரே, நீங்க இருந்தாத்தான் ஒழுங்கா இருக்குன்னு ரெண்டு மூணு பேரு என் காதுபடவே சொன்னாங்க. விசில் ஒண்ணுதான் இல்ல.

என் மக சுபிக்ஷாவுக்கு மட்டும் இது பிடிக்காது. பத்தாவது படிக்கிறா. கல்யாணமாகிப் பதினாலு வருசம் கழிச்சுப் பொறந்தவ, கொஞ்சம் வாய் சாஸ்தி. 'அப்பா, அது உங்க பஸ் இல்லப்பா'ன்னு சொல்லுவா. நான் சிரிச்சுக்குவேன். அவ சொன்னதைக் கேட்டிருக்கணும்.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. கூட்டம் அள்ளுது. ஒரு ஆளு, நாப்பது நாப்பத்தஞ்சு வயசிருக்கும், கைலியும் சட்டையுமா வரிசையில மூணாவதா நிக்கிறாரு. கையில கூடை. கூடைக்கு மேல துண்டு. அவரு முறை வர்ற நேரம் பாத்து, பின்னாடி நின்ன அம்மாவைப் பாத்து 'நீங்க போங்கம்மா'ன்னு விலகிட்டாரு. சரி, நல்ல மனுசன்னு நெனச்சேன். அடுத்த ஆளையும் போகச் சொன்னாரு. அப்புறம் வரிசையை விட்டே வெளிய போயி, பிஸ்கட் அடுக்குகிட்ட நின்னு ஒண்ணையும் எடுக்காமப் பாத்துக்கிட்டு இருந்தாரு. திரும்ப வந்து கடைசியில நின்னாரு. திரும்பவும் முறை வந்துச்சு. திரும்பவும் விலகிட்டாரு.

இப்ப எனக்குள்ள இருந்த கண்டக்டர் முழிச்சுக்கிட்டான். டிக்கெட் எடுக்காதவனைப் பிடிக்கிறதுல நான் கில்லாடி தம்பி. நான் மூஞ்சியைப் பாக்க மாட்டேன், காலைப் பாப்பேன். டிக்கெட் எடுத்தவன் காலு நின்ன இடத்துலயே நிக்கும். எடுக்காதவன் நான் முன்னாடி வந்தாப் பின்னாடி நகருவான், பின்னாடி போனா முன்னாடி நகருவான். முப்பத்தோரு வருசத்துல ஒரு தடவைகூட நான் ஏமாந்தது கெடையாது. இவரு காலும் அப்படியேதான் நகருது. சரி, ஆளு சரியில்ல, என்னத்தையோ அமுக்கியிருக்கான்னு முடிவு பண்ணிட்டேன்.

நேராப் போனேன். 'என்னய்யா, எத்தனை தடவை முன்னாடியும் பின்னாடியும் அலையுறே? துண்டுக்குள்ள என்ன?'ன்னு கேட்டேன். 'ஒண்ணுமில்லண்ணே, அரிசி'ன்னாரு. துண்டை இன்னும் இழுத்து மூடினாரு. அது எனக்கு இன்னும் தோதாப் போச்சு. 'அரிசிக்கு எதுக்குய்யா துண்டு, குளிருதா?'ன்னேன். வரிசையில நாலு பேரு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பாயிருச்சு. துண்டைச் சரக்குன்னு இழுத்தேன். அஞ்சு கிலோ அரிசிப் பை. அவரு 'அண்ணே, அண்ணே'ங்கிறாரு, என் கையைப் பிடிக்கிறாரு. நான் அரிசிப் பையைத் தூக்கினேன். அடியில ஒரு பாக்கெட்டு. அதை எடுத்துத் தலைக்கு மேல தூக்கிக் காட்டி, 'இது என்னய்யா? இதை எதுக்கு ஒளிக்கிறே?'ன்னு கத்திக் கேட்டேன்.

சத்தியமா எனக்கு அது என்னன்னு தெரியாது தம்பி. நம்ப மாட்டீங்க. கல்யாணமாகி இருபத்தொம்பது வருசம், வீட்டுல வயசுக்கு வந்த பிள்ளை இருக்கு. ஆனா எங்க வீட்டுக்குள்ள அது செய்தித்தாள்ல சுத்தித்தான் வரும். மருந்துக் கடைக்காரன் சுத்திக் கறுப்புக் கவருல போட்டுக் கொடுப்பான், பஞ்சவர்ணம் அதை அப்படியே பீரோவுக்குப் பின்னாடி வச்சிருவா. பேப்பரைப் பிரிச்சு நான் ஒரு நாளும் பாத்தது கெடையாது. ரொட்டியோ என்னமோன்னு நெனச்சுத்தான் தூக்கிக் காட்டினேன்.

பச்சைச் சேலை கட்டின ஒரு அம்மா, 'கீழ வைங்கண்ணே'ன்னு மெதுவாச் சொன்னாங்க. அப்பத்தான் பாக்கெட்டைத் திருப்பி அதுல எழுதியிருந்ததைப் படிச்சேன். பின்னாடி யாரோ ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான். வாசல்ல, பை வாங்கி வச்சு டோக்கன் கொடுக்குற இடத்துல, ஒரு பிள்ளை நின்னுச்சு. பதிமூணு வயசிருக்கும். அது என்னைப் பாக்கல. அது அவரைப் பாத்துச்சு. அப்புறம் செருப்பைக்கூடச் சரியா மாட்டாம வெளிய ஓடிருச்சு.

அந்த இடத்துல ஒரு மனுசன் என்ன பண்ணணும்? காலுல விழலைன்னாலும், தெரியாமப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லணும்ல? நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?'ன்னு அவரைத்தான் வஞ்சேன். அவரு என் கையில இருந்த துண்டை மட்டும் வாங்கிக்கிட்டு வெளிய போயிட்டாரு. அரிசி, கூடை எல்லாம் அப்படியே வரிசையில கெடந்துச்சு. நான், தம்பி, இதைச் சொல்லவே நாக்கூசுது, ஆள் இல்லாத கூடைன்னு அதையும் காலால ஓரமாத் தள்ளிட்டு, 'முன்னாடி வாங்க'ன்னேன். பழக்கதோசம்னு இதுக்குச் சொல்ல முடியுமா?

அதோட விட்டேனா? மத்தியானம் சாப்பிடும்போது வீட்டுல இதை ஒரு கூத்து மாதிரிச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். பஞ்சவர்ணம் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. சுபி சாப்பாட்டுல கையை வச்சபடியே கேட்டா, 'அந்தப் பிள்ளை எங்க நின்னுச்சு?'ன்னு. வாசல்லன்னேன். 'ஒல்லியா, ரெட்டைச் சடை போட்டுக்கிட்டா?'ன்னா. ஆமான்னேன். 'எங்க ஸ்கூல்தான், எட்டாவது. முத்துப்பிரியா'ன்னா. அவங்கம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பாக்குதாம், மாசம் ஒரு தடவைதான் வருமாம். அப்பா தறி ஓட்டுறவராம். 'மருந்துக் கடைன்னா வாய்விட்டுக் கேக்கணும்ப்பா. சூப்பர் மார்க்கெட்டுன்னா யார்கிட்டயும் கேக்காம எடுத்துக்கலாம்னு வந்திருப்பாரு. கூட்டம் குறையட்டும்னு நின்னிருப்பாரு'ன்னா.

நான் சும்மா இருந்திருக்கலாம். 'எனக்கென்ன தெரியும்? இதெல்லாம் வெக்கப்பட்டு மறைக்கிற சமாச்சாரம், நடுக் கடையில கொண்டுவந்தா இப்படித்தான்'னேன்.

அவ எந்திரிச்சுட்டா. 'வெக்கமா? எனக்குச் சடங்கு வச்சப்ப டிப்போ பூராவும் பத்திரிகை கொடுத்தீங்களேப்பா! முக்குல என் போட்டோவைப் போட்டு அம்மாம் பெரிய பிளெக்ஸ் வச்சீங்களே! மைக் செட் கட்டி ஊருக்கே சொன்னீங்களே! என் கூடப் படிக்கிற பசங்க அந்தப் பிளெக்ஸுக்குக் கீழ நின்னு என்னென்ன பேசுனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? அப்ப எங்கப்பா போச்சு உங்க வெக்கம்?'னு கேட்டா.

சடங்கு வச்சது சந்தோசத்துல தம்பி. பதினாலு வருசம் பிள்ளை இல்லாம இருந்தவன், ஊரைக் கூட்டிச் செய்யணும்னு ஆசை. அவ மணையில குனிஞ்சு உட்கார்ந்திருந்தா. நாணம்னு நெனச்சேன். என் பிள்ளை எவ்வளவு அடக்கமா உட்கார்ந்திருக்குன்னு நாலு பேருகிட்டப் பெருமையா வேற சொன்னேன்.

அன்னையில இருந்து அவ பேசல. சோறு போட்டா வாங்கிக்குவா, ஸ்கூலுக்குப் போவா, வருவா. ஒரு வாரம் கழிச்சு அவங்கம்மாகிட்டச் சொன்னது என் காதுல விழுந்துச்சு. முத்துப்பிரியா ஸ்கூலுக்கே வரலையாம். ஞாயித்துக்கிழமை கடையில நடந்தது திங்கக்கிழமை காலையில வகுப்பு பூராவும் தெரிஞ்சிருக்கு. எவனோ போர்டுல படம் வேற போட்டு வச்சிருக்கான்.

மறுநாள் விசாரிச்சுக்கிட்டு அவரு வீட்டுக்குப் போனேன். சோணைமுத்துன்னு பேரு. ஒரு சீப்பு பழமும் ஒரு ஆர்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கிட்டுப் போனேன். என்னமோ நோயாளியைப் பாக்கப் போற மாதிரி. வேற என்னத்தை வாங்கிட்டுப் போறதுன்னு எனக்குத் தெரியல. தறிச் சத்தம் நின்னு அவரு வெளிய வந்தாரு. வஞ்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். நாலு அடி அடிச்சிருந்தா நல்லாத் தூங்கியிருப்பேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நான்தான் ஒழுங்கா பையில வச்சிருக்கணும்'னாரு. என்கிட்ட அவரு மன்னிப்புக் கேக்குறாரு தம்பி! உள்ள கதவுக்குப் பின்னாடி கொலுசுச் சத்தம் கேட்டுச்சு. நான் வந்திருக்கேன்னு தெரிஞ்சதும் அதுவும் நின்னுருச்சு. பழத்தையும் பாட்டிலையும் படியில வச்சிட்டு வந்துட்டேன். சாயங்காலம் பாத்தா ரெண்டும் எங்க வீட்டு வாசல்ல இருக்கு.

நேத்துத்தான் அந்தப் பிள்ளை ஸ்கூலுக்கு வந்திருக்கு. சுபி தினமும் அவங்க வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கா. எங்ககிட்ட ட்யூசன்னு சொல்லிட்டு அங்க போயிருக்கா. நேத்து கையோட கூட்டிக்கிட்டு வந்து அவ வகுப்பு வரைக்கும் விட்டுட்டுப் போயிருக்கா. இதெல்லாம் பஞ்சவர்ணம்தான் எனக்குச் சொன்னா.

இன்னைக்குக் காலையில பஞ்சவர்ணம் பையை எடுத்துக்கிட்டு மருந்துக் கடைக்குக் கெளம்பினா. சுபி குறுக்க வந்து நின்னா. 'அம்மா, நீ இரு. அப்பா போகட்டும்'னா. எனக்கு முதல்ல சந்தோசம். பதினெட்டு நாளுக்கப்புறம் அப்பாங்கிற சொல்லைக் கேக்குறேன்ல. என்னம்மா வேணும்னேன். என் கண்ணை நேராப் பாத்து, 'நாப்கின்'னா. அவங்கம்மா 'ஏய், சும்மா இருடி'ன்னு அதட்டுறா. அவ கேக்கல. 'சூப்பர் மார்க்கெட்டுல, அதே கடையில வாங்குங்க. பேப்பர்ல சுத்தக் கூடாது. வரிசையில நின்னு வாங்கிட்டு வாங்கப்பா'ன்னா. சரிம்மான்னேன். அது என்ன பெரிய காரியம், இந்தா போனேன் வந்தேன்னு செருப்பை மாட்டிட்டுக் கெளம்பிட்டேன்.

வந்தேன். எடுத்தேன். எடுக்குறப்பவே அந்தப் பக்கம் யாரும் இல்லாத நேரமாப் பாத்துத்தான் எடுத்தேன். கை தன்னாலத் தோள்ல கெடந்த துண்டை எடுத்துக் கூடை மேல போட்டுருச்சு. நான் போடல தம்பி, கை போட்டுச்சு. வரிசைக்குப் போனேன். பின்னாடி ஒரு சின்ன வயசுப் பொண்ணு வந்து நின்னுச்சு. 'நீ போம்மா'ன்னு விலகிட்டேன். அப்புறம் ஒரு பெரியவரு, அவரையும் போகச் சொன்னேன். நாலு தடவை போயிட்டு நாலு தடவையும் இந்த நாற்காலிக்கே வந்துட்டேன். என் காலைப் பாருங்க, உட்கார்ந்திருக்கும்போதுகூட முன்னாடியும் பின்னாடியும் நகருது. இந்தக் காலைப் பாத்தா எந்தக் கண்டக்டரும் பிடிச்சுருவான்.

தம்பி, ஒண்ணு கேக்கலாமா? தப்பா நெனைக்கக் கூடாது. உங்க டிராலியில வீட்டுச் சாமான் நெறைய இருக்கு. கூட வீட்டம்மாவும் இருக்காங்க. சாமானோட சாமானா இந்த ஒத்தப் பாக்கெட்டையும் போட்டுட்டீங்கன்னா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. காசை இப்பவே கையில கொடுத்துடுறேன். வெளிய வந்ததும் என்கிட்டக் கொடுத்தாப் போதும். வரிசையில நின்னுதான் வாங்குனேன்னு வீட்டுல சொல்லிக்குவேன். செய்வீங்களா? நல்லா இருப்பீங்க தம்பி. உங்க பிள்ளை குட்டி நல்லா இருக்கும். இந்தாங்க, துண்டோடயே பிடிங்க.

ஏன் தம்பி, அரிசிப் பைக்கு அடியில சொருகுறீங்க?

இல்ல, இல்ல, உங்களைக் குத்தம் சொல்லல. நீங்க நல்ல மனசோடதான் செய்றீங்க. இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு, சட்டுன்னு அடியில தள்ளினீங்க பாருங்க. அவரும் அதே இடத்துலதான் வச்சிருந்தாரு. நான்தான் அன்னைக்குக் கிண்டி எடுத்தேன்.

எடுங்க தம்பி. என்கிட்டயே கொடுத்துடுங்க. உங்க வீட்டம்மா அந்தா வர்றாங்க, அவங்களுக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். இல்ல, சொல்லுங்க. சொன்னா என்ன?

வரிசையில இப்பப் பத்துப் பேரு நிக்கிறாங்க. கடைசியில நிக்கிறது அந்தப் பச்சைச் சேலை அம்மாதான், என்னை நல்லாத் தெரியும் அவங்களுக்கு. இருக்கட்டும். அவங்களுக்குப் பின்னாடியே போய் நிக்கிறேன். கூடை வேணாம், கையிலயே வச்சுக்கிறேன். ஒரு கை மட்டும் கொடுங்க, எந்திரிச்சுக்கிறேன். இந்தத் துண்டை நீங்க வச்சிருங்க தம்பி, பில்லு போட்டுட்டு வந்து வாங்கிக்கிறேன். பாதி வரிசையில திரும்பி வந்து கேட்டேன்னா மட்டும், என்ன சொன்னாலும் கொடுத்துறாதீங்க.